இனி யாரைப் பார்த்து ஊளையிடுவது?

பாஸ்டனில் ஜூலை மாதம். டிவியில் கூடைப்பந்துச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பா, பிலடெல்பியா டீம்ல ஆடுற டெவ்லின் நம்ம டீமுக்கு வர்றானாம்! ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் அவனைத் திட்டித் தீர்ப்பியே?” என்றாள் கெசையா.

“அதெல்லாம் நேத்து வரைக்கும். ஆள் மாத்தி ஆள் வாங்கிட்டாங்க. இனிமே அவன் நம்ம பையன்.” லமார் பச்சை ஜெர்சியை மடித்தபடி சொன்னான்.

“அவன் ஃப்ரீ த்ரோ போட வந்தாலே, கூடைக்குப் பின்னாடி நின்னு ஊளையிடுவேனே! இனிமே கைதட்டணுமா?”

“தொண்டை கிழியக் கத்தணும்.”

“அப்ப பிலடெல்பியா இங்க ஆட வந்தா யாரைப் பார்த்து ஊளையிடறது?”

லமார் பெட்டியை மூடினான்.

“நீயும் அம்மாவும் இங்கதானே இருக்கப்போறீங்க? அதே இடத்துல நின்னு என்னைப் பார்த்து ஊளையிடு, கண்ணு. அவனுக்குப் பதிலா பிலடெல்பியாவுக்கு ஆடப்போறது நான்தான்.”