குடிகாரன் பொண்டாட்டி

"புருஷன் சாவ எவ்வளவுக்குக்கா வித்த?"

வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டான் சிவனாண்டி. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தாராவிச் சந்தில் ரகசியம் ஏது? நாலு வீட்டுக்குக் கேட்டது.

மாடத்தி நிமிரவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் அய்யாத்துரை தோல் பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி, விஷவாயுவில் செத்துப்போனவன். குடித்துவிட்டு விழுந்தான் என்று முதலாளி கதை கட்டினார்.

சிவனாண்டிக்கு வார நாளில் பை தைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் நிருபர் வகுப்பு. உள்ளூர் இளைஞர்கள் துப்புத் துலக்கி எழுத வேண்டும் என்று ஒரு டிரஸ்ட் பஸ் காசும் கொடுத்துக் கற்றுக்கொடுத்தது. எழுதினதைத் தன் பத்திரிகையில் போடவும் செய்தது.

அய்யாத்துரை சாவுதான் அவன் எழுதிய முதல் செய்தி. "அவிய ஒரு சொட்டு தொட்டதில்லல" என்று மாரில் அடித்துக்கொண்டு சொன்னவள் இதே மாடத்திதான். பாதுகாப்புக்காகப் பத்திரிகையில் அவன் பேரையும் போடவில்லை, அவள் பேரையும் போடவில்லை.

செய்தி வந்ததும் விசாரிக்க சர்க்கார் ஆபீசர் வந்தார்.

"ஆமா சாப், குடிச்சிட்டுத்தான் விழுந்தாவ" என்றாள் மாடத்தி.

அவ்வளவுதான். பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. வகுப்பு நடத்தும் வேங்கடசுப்ரமணியன் திட்டக்கூட இல்லை. "ஒரே ஒருத்தர் சொன்னதை நம்பிட்டியேப்பா. இனிமே நீ எழுதறதை எப்படிப் போடறது?" என்றார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

இப்போது மாடத்தி வீட்டு மூலையில் புது அரிசி மூட்டை. பார்த்ததும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முதலாளி குடுத்த அரிசியாக்கும்! ஒன் பேர நான் எங்கயாவது வெளிய விட்டனா? சேதி சொன்னவங்களக் காட்டிக் குடுக்கக் கூடாதுங்கிறதுதான் எங்க கிளாஸ்ல முதப் பாடம். அப்படிக் காப்பாத்தினேன். நீ என்னடான்னா கட்டுன புருஷனையே குடிகாரனாக்கிட்ட!"

மாடத்தி கயிற்றை இறுக்கினாள்.

"வாய மூடுல!" என்று பக்கத்து வீட்டு ரஷீதா வந்து நின்றாள்.

"ரஷீதா, நீ சும்மா இரி" என்றாள் மாடத்தி.

"என்னத்த சும்மா இருக்க? ஊரே ஒன்ன காறித் துப்புது. தாங்க முடியாம விக்ரோலில தங்கச்சி வீட்டுக்குப் போற. இவனுக்காவது தெரியட்டும்." ரஷீதா அவன் பக்கம் திரும்பினாள். "ஆபீசர் வாரதுக்கு முந்தி முதலாளி ஆளுவ கத்தியோட வந்தானுவ. 'எழுதுனவன் பேரச் சொல்லு, இன்னைக்கே அவன் கதைய முடிக்கோம்'னானுவ. இவ தெரியாதுன்னா. முடியப் புடிச்சு சுவத்துல மோதுனானுவ. அப்பவும் தெரியாதுன்னா."

சிவனாண்டி மாடத்தியைப் பார்த்தான். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். ஓரத்தில் கன்றிப்போன வீக்கம் தெரிந்தது.

"கடைசில, 'எழுதுனவனச் சொல்லு, இல்லாட்டி ஒம் புருஷன் குடிகாரன்னு ஆபீசர்கிட்ட நீயே சொல்லு, அவனத் தேடாம விட்டுருதோம்'னானுவ. அரிசிய அவனுவதான் போட்டுட்டுப் போனானுவ. அவ மூட்டையத் தொடக்கூட இல்ல."

சிவனாண்டிக்கு வெட்கமாக இருந்தது. அப்போதுதான் செருப்பைக் கழற்றினான்.

"எதுக்குக்கா இப்படிச் செஞ்ச? அண்ணன் பேரு போச்சே..."

மாடத்தி சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"செத்தவியளுக்குப் பேரு போனா என்னல? நீ உசிரோட இருக்கணும்லா."