குறைந்தது இரண்டு எழுத்து

வயது என்ற பெட்டியில் கழித்தல் ஐந்து போட்டாள். கணினித் திரையில் படிவம் சிவந்து மறுத்தது.

பிறந்த தேதியில் பிப்ரவரி முப்பது. மறுத்தது.

கைபேசி எண்ணில் ஒரு இலக்கத்தைக் குறைத்தாள். அதையும் கண்டுபிடித்துவிட்டது.

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் சிக்கல்.

படிவங்களில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். சேர்ந்து ஆறு மாதம். தகுதிகாண் காலம் இன்றோடு முடிகிறது. நான்கு மணிக்கு மேனேஜர் கூப்பிடுவார். கிராமத்துக் கண் சிகிச்சை முகாம்களுக்குப் பெயர் பதியும் படிவம் இது. இதில் உருப்படியாக ஒரு பிழையாவது காட்டாவிட்டால், பீளமேட்டு ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

மணி மூன்றரை.

படிவத்தை எழுதிய லோகநாதன் டீ டம்ளரோடு வந்து நின்றான்.

"ஏனுங்க கேகே, ஒண்ணும் மாட்டலியாட்ட இருக்குது? நம்ம வேலைன்னா அப்படித்தானுங்க."

சிரிப்பு வேறு.

அவள் பெயர் கேகே இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்து கே. ஒரே ஒரு கே. வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபீஸ் படிவம் கடைசிப் பெயரைக் கேட்டது. இனிஷியலைப் போட்டாள். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. சனியன், போகட்டும் என்று பக்கத்தில் இன்னொரு கே போட்டாள். அடையாள அட்டையில் அது அப்படியே அச்சாகி வந்தது. அன்றிலிருந்து ஆபீஸ் முழுக்கக் கேகே.

கல்லூரி விண்ணப்பத்திலும் இதே கதைதான். நம் பெயரில்தான் ஏதோ கோளாறு என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டிருந்தாள்.

திரையைக் கீழே தள்ளினாள். இரண்டு வாரமாக அவள் போட்ட சோதனைப் பதிவுகள் வரிசையாக ஓடின.

ஜான் ஸ்மித். ஜான் ஸ்மித். மேரி ஸ்மித். மறுபடி ஜான் ஸ்மித். ஊர் நியூயார்க்.

இந்த ஆபீஸில் எல்லாரும் அந்தப் பெயரைத்தான் போடுவார்கள். யார் ஆரம்பித்து வைத்தது என்று யாருக்கும் தெரியாது. அவளும் கேட்டதில்லை.

அன்னூர் முகாமுக்குக் கண் காட்ட ஜான் ஸ்மித்தா வரப்போகிறார்?

திடுக்கென்றது.

தன் சோதனைப் பட்டியலை அவசரமாகத் திறந்தாள். பதினாலாவது வரி. கடைசிப் பெயரில் ஒரே எழுத்து இருந்தால் மறுக்க வேண்டும். மறுத்தது. சரி.

டிக் போட்டது அவளேதான். அட பாவி!

புதிய படிவத்தை எடுத்தாள்.

முதல் பெயர்: தமயந்தி.

கடைசிப் பெயர்: கே.

சிவப்பு.

கதவு எண்: 4/112.

அதுவும் சிவப்பு. நடுவில் கோடு கூடாதாம்.

இத்தனை வருடம் அவளைக் கூனிக்குறுக வைத்த சிவப்பு. இன்றைக்கு அதைப் பார்க்க அப்படி ஒரு சந்தோஷம். காது வரைக்கும் சுட்டது.

"லோகு, உக்காருங்க. உங்க பேரைப் போடுங்க."

அவன் டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்தான். லோகநாதன். பி.

சிவப்பு.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

பக்கத்து மேஜை வாசுகி எட்டிப் பார்த்தாள். "நகருங்க, நான் போடறேன்." சிவப்பு. பின்னாலேயே இன்னும் நாலு பேர். ஒருவர் பின் ஒருவராகப் பெயரைத் தட்டினார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சிவந்தார்கள்.

"இங்கென்ன கூட்டம்?" என்று மேனேஜர் சகாயராஜ் வந்தார். விஷயம் கேட்டார். நம்பவில்லை. குனிந்து தானே தட்டினார். சகாயராஜ். ஏ.

சிவப்பு.

பதினேழு பேர் வேலை பார்க்கும் ஆபீஸ். தாங்கள் செய்த படிவத்துக்குள் அவர்களில் ஒருத்தருக்கும் இடமில்லை. ஜான் ஸ்மித் மட்டும் ராஜா மாதிரி போய் வந்துகொண்டிருந்தார்.

மேனேஜர் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"திங்கக்கிழமை இது வெளிய போயிருந்தா, முகாமுக்கு ஒரு ஆள் பதிஞ்சிருக்க முடியாது. நம்மளைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பாங்க."

லோகநாதன் தன் இடத்துக்குப் போனான். படிவத்தின் நிரலில் இரண்டு வரிகளை அழித்தான். பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் யாரும் நகரவில்லை.

தமயந்தி மறுபடி தட்டினாள்.

பச்சை.

பெட்டிக்குள் அப்பாவின் எழுத்து, துணைக்கு இன்னொன்று இல்லாமல் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

மணி நான்கைத் தாண்டியிருந்தது.

"வேலை உறுதி," என்றார் மேனேஜர். "நாளைக்கு ஆர்டர் வாங்கிக்கங்க, கேகே."

எல்லாரும் கை தட்டினார்கள். லோகநாதனும் தட்டினான்.

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மேனேஜர் பதறிப்போனார்.

அவள் லோகநாதனிடம் கையை நீட்டினாள். அவனுக்குப் புரிந்தது. கறுப்பு மார்க்கரை எடுத்துக் கொடுத்தான்.

"ஒரு கே தானுங்க சார்," என்றபடி அதன் மூடியைத் திறந்தாள்.