பட்டப்பகல் தூக்கம்

"இன்னிக்கு அவளை எழுப்பிட்டுதான் எனக்கு மறுவேலை." கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு அக்கா விறுவிறுவென்று நடந்தாள்.

தம்பி ஓடிவந்து அறைக்கதவை மறித்துக்கொண்டு நின்றான். "வேணாம்க்கா. தூங்கட்டும்."

"ஞாயித்துக்கிழமைன்னாலும் மணி பன்னிரண்டாச்சு. ஊர் உலகத்துல இந்நேரத்துக்கு யாராவது தூங்குவாங்களா?"

"ஜெட்லாக் அக்கா. அங்க ராத்திரின்னா இங்க பகல். உடம்பு பழகணும்ல."

சோபாவில் இருந்த சித்தி இதற்காகவே காத்திருந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், வந்ததிலிருந்து சாத்திய கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அது என்ன லாக்கோ, எனக்குத் தெரியாது. நீயும் அதே பிளேன்லதானேப்பா வந்தே? உன்னை விட்டுட்டு உன் பொண்டாட்டியை மட்டும் பிடிச்சுக்கிச்சா?"

தம்பி கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நியாயமான கேள்விதானே. அவன் வந்த மறுநாளே காலையில் வெயிலில் நடந்தான், மதியம் கண் அசரவில்லை, இரண்டே நாளில் சரியாகிவிட்டான்.

"நல்லாக் கேளுங்க சித்தி," என்றாள் அக்கா. "கிளம்புறதுக்கு முன்னாடி போன்ல எனக்கு என்னமா பாடம் எடுத்தா தெரியுமா? 'முதல் ரெண்டு நாளைக்கு எந்த வேலையும் வச்சுக்காதீங்க அண்ணி. பகல்ல படுக்காம வெயில்ல சுத்தினா தூக்கம் சரியாயிடும். மூணாம் நாள் சமையலறை என் பொறுப்பு'ன்னா. நானும் பைத்தியக்காரி மாதிரி நம்பினேன். ஒரு வாரம் ஓடிப்போச்சு. சமையலறை எந்தப் பக்கம்னாவது அவளுக்குத் தெரியுமா?"

அவள் கோபத்தில் தப்பே இல்லை. அம்மா போனதிலிருந்து அப்பாவுக்கு பிளேன் ஏறாமலே பகலும் இரவும் தலைகீழாகிவிட்டது. பகலெல்லாம் நாற்காலியில் சொக்கி விழுவார். இரவில் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஆபீசுக்கு நேரமாச்சு" என்று தெருவில் இறங்கிவிடுவார். ஒரு தடவை பஸ் ஸ்டாப்பிலிருந்து பிடித்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. அன்றிலிருந்து அக்காவுக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தவேண்டும். போன மாதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகி, கரும்பலகையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். பிள்ளைகள் சிரித்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

தம்பியும் அவன் மனைவியும் லீவில் வந்தால் கொஞ்ச நாளாவது அக்கடாவென்று இருக்கலாம். அந்த ஒரு ஆசையில்தான் அவர்கள் வருகைக்காகக் காத்திருந்தாள்.

"ஏதோ மகனைப் பார்த்த நிம்மதி, அப்பா இப்பல்லாம் ராத்திரி சத்தம் போடுறதில்லை. இல்லேன்னா ராத்திரி அவரையும் பார்த்து, பகல்ல இவளுக்கும் வடிச்சுக் கொட்டி, நான் படுத்த படுக்கையாகியிருப்பேன்."

"அக்கா, நான் சொல்றதைக் கேளு..."

"நீ பேசாதே. நீ அவளுக்கு வக்கீல்."

சித்தி தன் பங்குக்கு, "தூங்குறதுக்கா அவ்வளவு தூரத்துலேருந்து வரணும்? அங்கேயே தூங்கியிருக்கலாமே," என்றாள்.

அவ்வளவுதான். அக்கா தம்பியைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அறை கும்மிருட்டாக இருந்தது. ஜன்னலில் திரை போதாதென்று அதன்மேல் ஒரு தடித்த போர்வையை வேறு கிளிப் போட்டு மாட்டி வைத்திருந்தாள் மகராசி. அதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்வையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். வெயில் கட்டில்மேல் சுளீரென்று விழுந்தது.

மருமகள் பதறி எழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். தலை கலைந்து கிடந்தது.

"இதோ பாரும்மா. உனக்குப் பணிவிடை செய்ய என் உடம்புல தெம்பு இல்லை. சாயந்திரத்துக்குள்ள ரெண்டு பேரும் ஒரு ஹோட்டலைப் பார்த்துப் போயிடுங்க. என் அப்பாவை நான் பார்த்துக்குறேன். இத்தனை நாளும் நான்தானே பார்த்தேன்."

"அக்கா, பெரிய வார்த்தை பேசாதே," என்றான் தம்பி. "சொல்லிடவா?" என்று மனைவியைக் கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

இந்தச் சத்தத்தில் கூடத்து நாற்காலியில் இருந்த அப்பாவுக்குக் கொட்டாவியோடு முழிப்பு வந்துவிட்டது.

"யாரு அங்க சத்தம் போடுறது? மேனேஜரம்மாவை எழுப்பாதீங்க. விடிய விடிய என்கூட உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்தாங்க. வாசல் பக்கம் போனாக்கூட, உங்க லீவு இன்னும் சாங்ஷன் ஆகலைன்னு உட்கார வச்சிடுவாங்க. ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

சித்தி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. கையில் போர்வையோடு மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மருமகள் தலைகுனிந்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"அதை மறுபடி மாட்டிடுங்க அண்ணி. வெயில் பட்டா என் உடம்பு இந்த ஊர் நேரத்துக்குப் பழகிடும். அப்புறம் ராத்திரி நானும் தூங்கிட்டா, நீங்க முழிச்சிருக்கணுமே."