எழுபது மீட்டர்

காலையில் ஓடப் போன கதிரேசன் மூச்சு வாங்க வீட்டு வாசலுக்குத் திரும்பினார். கையிலிருந்த வாட்சைப் பார்த்தார். முகம் வாடியது. கேட்டைத் திறக்காமல் டிரான்ஸ்பார்மர் வரை ஓடினார், திரும்பி வந்தார், மறுபடியும் ஓடினார்.

நேற்றுத்தான் அந்தத் தெருவுக்கு வந்த செவலை நாய் பதறி எழுந்தது.

"எதைத் தொலைச்சிட்டார்?" என்று வாட்சிடம் கேட்டது.

"எழுபது மீட்டர். அஞ்சு கிலோமீட்டருக்கு அவ்வளவு குறையுது. அது கிடைக்காம வீட்டுக்குள்ள போகமாட்டார்."

மீட்டர் எப்படி இருக்கும் என்று நாய்க்குத் தெரியாது. ஆனால் நேற்று பிஸ்கட் போட்ட மனுஷன் இப்படித் தவிக்கும்போது சும்மா படுத்திருக்க முடியுமா? அதுவும் தரையை மோந்துகொண்டே அவர் பக்கத்தில் ஓடியது. சாக்கடை மூடியைக்கூட விடவில்லை.

வாட்ச் 'பீப்' என்றது. கதிரேசன் நின்றார். முழங்காலில் கையூன்றி, நாயைப் பார்த்துச் சிரித்தார்.

"கிடைச்சிடுச்சா?" என்று நாய் வாட்சிடம் கேட்டது.

"கிடைச்சிடுச்சு."

"இனிமே தொலைக்கமாட்டாரே?"

வாட்சுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "தினமும் தொலைப்பார்."

நாய் கேட்டோரமாகச் சுருண்டு படுத்தது. "அப்போ நான் இங்கேயே இருக்கேன். பாவம், இத்தனை நாளா தனியாத் தேடியிருக்கார்."