கதாநாயகன் திரும்பி வந்தான்

பரிமளா எழுதிய ஜாம்பி நாவல் படமாகி, திண்டிவனத்தில் வெளியானது. முதல் நாளே கணவன் ஜெகதீசனோடு போய்ப் பார்த்தாள்.

நாவலில், பிணங்கள் துரத்தி வரும்போது கதாநாயகன் மனைவியை விட்டுவிட்டுத் தனியாக பைக்கில் தப்பிவிடுவான். படத்திலோ அவன் திரும்பி வந்து, நூறு பிணங்களை அடித்து வீழ்த்தி, அவளைத் தூக்கிக்கொண்டு போனான். போகிற வழியில் ஒரு டூயட் வேறு.

வெளியே டீக்கடைக்கு வந்ததும் ஜெகதீசன் ஆரம்பித்தான்.

"உன் புக்கவிட படம்தான் சூப்பரு. டைரக்டரு கரெக்டா மாத்திட்டாரு."

"அப்படிங்களா?"

"பின்ன? பொணம் எழுந்து நடக்குதுன்னு சொல்லு, நம்பறேன். கட்டுன பொண்டாட்டிய வுட்டுட்டு ஒருத்தன் ஓடுவான்னா எவன் நம்புவான்? உனக்கு ஆம்பளைங்கள எழுதவே தெரியல."

பக்கத்தில் நின்ற நாலு பேர் தலையாட்டினார்கள். அந்த உற்சாகத்தில் அவன் கேட்டான்.

"எங்கேர்ந்துதான் உனக்கு இப்படியெல்லாம் தோணுதோ?"

பரிமளா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"மரக்காணத்துலதாங்க. சுனாமி அன்னிக்கு நீங்க பைக்க எடுத்துக்கினு போனீங்களே, நான் தென்னமரத்தக் கட்டிப் புடிச்சிக்கினு பாத்துக்கினு இருந்தேன். பொணம் எழுந்து நடந்தது மட்டுந்தாங்க என் கற்பனை."