மூடி போட்ட போர்ட்டு

கல்யாண வீடியோ கடைக் கம்ப்யூட்டரின் முதுகில், மானிட்டர் வயரைச் சொருக ஒரு பழைய போர்ட்டு இருந்தது. படம் காட்டும் வேலைக்கென்று தனியாக கிராபிக்ஸ் கார்டு வந்த அன்றே அதற்கு ரப்பர் மூடி போட்டுவிட்டார்கள். "நேத்து வந்தவனுக்கு வேலை, எனக்கு மூடி" என்று எட்டு வருஷமாகப் புலம்பியது.

ஒரு நாள் கார்டு படுத்துவிட்டது. திரை இருண்டது. மெக்கானிக் சகாயம் கார்டைக் கழற்றி, பழைய போர்ட்டின் மூடியை எடுத்துவிட்டு வயரை அதில் சொருகினார்.

"வாங்க பெரியவரே, உங்க காலம் வந்துருச்சு" என்றது மானிட்டர்.

கல்யாண வீடியோ ஓடியது. மாப்பிள்ளை தாலியைத் தூக்கினார், தூக்கியபடியே நின்றுவிட்டார். போர்ட்டுக்கு மூச்சு வாங்கியது.

"பெரியவரே, முகூர்த்தம் தப்பப் போகுது!"

சகாயம் கார்டின் தூசியைத் தட்டினார். "இது தேறலேன்னா காயலான் கடைதான். இனி அந்த போர்ட்டுதான் எல்லாம் பார்க்கணும்."

"ஐயோ, நல்லாப் பாருங்க! அவன் பிழைச்சுக்குவான்" என்று போர்ட்டு பதறியது.

சகாயம் கார்டின் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மறுபடி பொருத்தி, வயரை அதில் மாற்றினார். படம் பளிச்சென்று வந்தது. தாலி கழுத்தில் ஏறியது.

"அப்பாடா!" என்றது போர்ட்டு.

மானிட்டர் சிரித்தது.

"என்ன சிரிப்பு? பார்த்தியா, மறுபடியும் அவனுக்கே வேலை. நியாயமே இல்ல" என்ற போர்ட்டு, மெதுவாகக் கேட்டது: "என் மூடியை எங்கே வச்சாரு?"