ஞாயிற்றுக்கிழமைப் பழுது

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்த கிஷாந்த், கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தபடியே இருந்தான். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த சண்முகராஜாவின் பக்கம் திரும்பினான்.

"மொதலாளி, ரேமையே காணோம். யாரோ கழட்டி எடுத்திருக்காங்க."

சண்முகராஜாவின் பார்வை அவனைத் தாண்டி, அறை வாசலில் நின்ற மகள் கோசலாவின் மேல் போய் விழுந்தது. அவள் கண்கள் சிவந்திருந்தன. அந்த நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இலங்கை மலைநாட்டின் ஹட்டன் கடைவீதியில் தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து துணிக்கடை நடத்தும் குடும்பம். கோசலாவை லண்டனிலிருக்கும் வினோஜனுக்குப் பேசி, வெற்றிலையும் மாற்றியாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் பெண் கையில் போனைக் கொடுத்து, மாப்பிள்ளையோடு மூலையில் உட்கார்ந்து பேசவிடும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

பேசுவதானால் கூடத்தில், கம்ப்யூட்டரில், பெரியவர் கண்ணெதிரே பேச வேண்டும். ஞாயிறு மாலை அழைப்பு வரும். கோசலா ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். அவர் எட்ட உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொள்வார். அவர் மனைவி சீதாலெட்சுமி மகளுக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு, ஹெட்போனில் கசியும் பேச்சு காதில் விழும் தூரத்தில் சற்று நிற்பாள். அவர் அவ்வளவு கிட்டப் போகமாட்டார். மாப்பிள்ளை பேசுவதற்குக் காது கொடுப்பது பெரிய மனிதனுக்கு அழகில்லை.

அது கடைக் கணக்குக்கு வாங்கிய பழைய பெட்டி. படம் நின்று நின்று வந்தது. கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கிஷாந்தை வரவழைத்து, அதிலிருந்த ரேம் என்னும் பழைய நினைவகப் பட்டையை எடுத்துவிட்டுப் பெரிய ரேமும், புது கேமராவும் போட வைத்தார்.

கிஷாந்த் அடக்கமானவன்தான். ஆனாலும் வயதுப் பையன். மகளை அந்தப் பக்கம் அண்டவிடாமல், டார்ச் பிடிக்க மனைவியைத்தான் நிறுத்தினார். அவளோ அது எதற்கு, இது எதற்கு என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ரேம் இல்லாவிட்டால் திரையில் ஒன்றும் வராது, பீப் சத்தம்தான் வரும் என்று அவனும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சண்முகராஜாவுக்கு எரிச்சலாக வந்தது.

தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஒரு ஞாயிறு பெட்டியைப் போட்டால் பீப் சத்தம் மட்டும் கேட்டது. கிஷாந்த் வந்து ரேமைக் கழற்றி, அந்தப் பச்சைப் பட்டையின் பொன்னிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்து, இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று விழும்வரை அழுத்திப் பொருத்தினான். மலைநாட்டு ஈரத்துக்கு இது சகஜம் என்றான்.

மறுபடியும் ஒரு ஞாயிறு அதே சத்தம். இந்த முறை கிளிப் இரண்டும் திறந்து கிடக்கின்றன என்று அவன் சொன்னபோது, சண்முகராஜாவின் மனதில் முள் தைத்தது. ஈரம் வந்து கிளிப்பைத் திறக்குமா?

அன்று இன்னொன்றையும் கவனித்தார். திரையில் வெளிச்சம் வந்ததும் கோசலாவின் முகம் கறுத்துவிட்டது. கிஷாந்த் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கியபோது, அவள் அழுதுவிடுவாள் போல நின்றாள். பழுது பார்க்க வந்தவன் போவதற்கு ஒரு பெண் ஏன் கலங்க வேண்டும்? உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் படித்தவள். ஒரு ரேமைக் கழற்றத் தெரியாதா?

இன்று ரேமே காணாமல் போய்விட்டது.

"தம்பி, தகட்ட மூடு. இனிமே இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது."

கிஷாந்துக்கு ஒன்றும் புரியவில்லை. தான் என்ன தப்புச் செய்தோம் என்று கேட்டான். அவர் படியைக் கை காட்டினார். அவன் தகட்டை மூடி, திருகாணிகளை முடுக்கிவிட்டுத் தலை குனிந்து இறங்கிப் போனான்.

அவன் காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, சண்முகராஜா மகளைப் பார்த்தார்.

"எங்க வச்சிருக்க?"

"நான் எடுக்கலப்பா."

"அவன வர வைக்கிறதுக்குத்தானே இத்தனையும்?"

கோசலா நிமிர்ந்து பார்த்தாள். யாரைச் சொல்கிறார் என்பதே அவளுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் கை காட்டி நிறுத்திவிட்டார்.

அவள் தயங்கிய அந்த நொடியே அவருக்குப் போதுமாயிருந்தது. கடைத்தெருவில் நாலு பேர் வாயில் விழுவதற்கு முன், வெற்றிலை மாற்றிய இடத்துக்குச் சேதி எட்டுவதற்கு முன், காரியத்தை முடித்துவிட வேண்டும். சம்பந்திக்குப் பேசுவதற்காகப் போனை எடுத்தார்.

"கல்யாணத்த இந்த மாசமே வச்சிரச் சொல்றேன். ஒன்னைய பிளேன் ஏத்தின பொறகுதான் எனக்குத் தூக்கம்."

கோசலா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சமையலறையிலிருந்து சீதாலெட்சுமி வந்தாள். கணவர் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கையிலிருந்து எதையும் அவள் அப்படி வாங்கியதில்லை. பிறகு, கோதுமை மா ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பச்சைப் பட்டையை மேசையில் அவர் முன்னால் வைத்தாள்.

"நான்தாங்க கழட்டினேன், மாப்பிள்ளை நம்ம புள்ளைய 'நாயே'ன்னுதாங்க கூப்புடுறாரு."